சும்மா இருந்தால் என்ன நடக்கும்? – வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வருமான வரி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே தானாகப் பொருந்தும் முறையாக ஆக்கப்பட்டதையும், பழைய முறை வேண்டுமென்பவர்தான் அதைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதையும் குறிப்பிட்டு, இத்தகைய ஏற்பாட்டைப் பொருளியலார் 'நட்ஜ்' என்று அழைப்பார்கள் என ஒரே வரியில் முடித்திருந்தேன். வரிக் கணக்கைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி வந்தவையே அதிகம். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

நட்ஜ் என்பது அறிவுரையா, விளம்பரமா, சட்டமா? எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இதைப் பற்றி மூன்று கருத்துகள் நிலவுகின்றன.
– ஆசிரியை, நாமக்கல்

மூன்றும் இல்லை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் உட்காருவதற்கு முன்பே இலையில் வைக்கப்பட்டுவிட்ட இனிப்பைப் பெரும்பாலோர் சாப்பிட்டுவிடுகிறோம். அதே இனிப்பைப் பரிமாறுபவர் கையில் ஏந்தி, 'வேண்டுமா?' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தால், பலர் இலைமேல் கையை விரித்து மறுத்துவிடுவோம். இனிப்பை யாரும் தடை செய்யவில்லை, அதற்கு விலையும் வைக்கவில்லை, சர்க்கரையின் தீமைகளைப் பற்றி யாரும் சொற்பொழிவாற்றவும் இல்லை. மாறியது பரிமாறும் வரிசை மட்டுமே. எதையும் தடுக்காமல், பணத்தால் பெரிதாக ஈர்க்கவோ தண்டிக்கவோ செய்யாமல், தேர்வு நம் முன்னே வைக்கப்படும் விதத்தை மாற்றுவதன் மூலம் நம் நடத்தையை ஒரு பக்கமாக நகர்த்துவதற்குத்தான் நட்ஜ் என்று பெயர். அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தாலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைனும் 2008இல் எழுதிய நூலின் மூலம் இச்சொல் அரசாங்கங்களின் காதுக்கு எட்டியது.

இதன் வேர் அதற்கு முந்தியது. மனிதன் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறான் என்ற பழைய பொருளியல் நம்பிக்கையை, உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970களிலிருந்து சோதனை மேல் சோதனையாகச் செய்து ஆட்டம் காணச் செய்தார்கள். நூறு ரூபாயைத் தொலைத்த வலி, நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிடப் பெரிது என்பது அவர்கள் 1979இல் வெளியிட்ட கோட்பாட்டின் மையம். கானமனுக்கு 2002இலும் தாலருக்கு 2017இலும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996இலேயே காலமாகிவிட்டார். 2010இல் பிரிட்டிஷ் அரசு தன் அமைச்சரவை அலுவலகத்துக்குள்ளேயே டேவிட் ஹால்பர்ன் தலைமையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது; அதன்பின் பல நாடுகள் அவ்வழியில் சென்றன.

சொல்லைப் பற்றி ஒன்று. முழங்கையால் பக்கத்திலிருப்பவரை லேசாக இடித்து உணர்த்துவதே இந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள். நம் பழைய அறநூல்களில் இடித்துரைப்பது அமைச்சன் வேலை, கேட்டுத் திருந்துவது அரசன் வேலை. இங்கே அரசு இடிக்கிறது, குடிகள் நகர்கிறோம். 'மென்தூண்டல்' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், நானும் இடையிடையே பயன்படுத்துகிறேன்.

பயிர்க்கடன் வாங்கும் உழவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அவருடைய கணக்கிலிருந்து பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் பிடிக்கப்படுகிறது. இது உதவியா, பறிப்பா? நான் பணியிலிருந்த காலத்தில் இதைப் பற்றி உழவர்களிடம் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன்.
– தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் செயலாளர், மன்னார்குடி

வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தங்களுடையதுதான். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கடன் பெற்ற உழவர்களுக்குக் காப்பீடு முதலில் கட்டாயமாக இருந்தது. 2020 காரிஃப் எனப்படும் மழைக்காலச் சாகுபடிப் பருவத்திலிருந்து அது விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆனால் 'விருப்பம்' என்ற சொல்லை இரண்டு விதமாக நடைமுறைப்படுத்தலாம். வேண்டும் என்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. கடன் பெற்றவர்களுக்கு அரசு தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. காப்பீட்டில் சேர்வதற்கான கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்னதாகவே 'எனக்குக் காப்பீடு வேண்டாம்' என்று கடன் கொடுத்த வங்கியிலோ சங்கத்திலோ எழுதிக் கொடுக்காதவர், சேர்ந்தவராகவே கருதப்படுகிறார். சட்டப்படி பார்த்தால் இரண்டும் விருப்பம்தான், விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் சும்மா இருப்பவர்கள்தான் எங்கும் பெரும்பான்மை என்பதால், சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பவரே பாதித் தீர்மானத்தை எடுத்துவிடுகிறார்.

இதே உத்தியின் மிக வெற்றிகரமான எடுத்துக்காட்டு பிரிட்டனின் ஓய்வூதியச் சேமிப்பு. அங்கே தனியார் நிறுவன ஊழியர்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தவரை, தகுதியுள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சேர்ந்திருந்தார்கள். 2012இல் அது ஏறத்தாழ 42 விழுக்காடு. அந்த ஆண்டு அக்டோபரில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக எல்லா நிறுவனங்களும் தங்கள் ஊழியரைத் தாமாகவே சேர்த்துவிட வேண்டும், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்று மாற்றிய பிறகு, 2019க்குள் அது 86 விழுக்காடாக உயர்ந்தது. விலகியவர்கள் பத்தில் ஒருவர் அளவே. இதற்கும் முன்பே, 2001இல் பிரிஜிட் மாட்ரியனும் டென்னிஸ் ஷியாவும் ஓர் அமெரிக்க நிறுவனத்தில் இதே மாற்றத்தை ஆராய்ந்து, புதிய ஊழியர்களில் சேர்ந்தவர்கள் 49 விழுக்காட்டிலிருந்து 86 விழுக்காடாக ஏறியதைக் காட்டியிருந்தார்கள். அதே ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு முடிவும் உண்டு: தானாகச் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பலர், நிறுவனம் முதலில் குறித்துவைத்த 3 விழுக்காட்டுச் சேமிப்பிலேயே நின்றுவிட்டார்கள். தாமாக யோசித்திருந்தால் அவர்களில் சிலர் கூடுதலாகச் சேமித்திருப்பார்கள். சும்மா இருப்பவரைச் சேர்த்துவிடும் முறை, சேர்த்த இடத்திலேயே அவரைச் சும்மா இருக்கவும் வைத்துவிடுகிறது.

இங்கேதான் தங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. ஓய்வூதியத்தில் சும்மா இருப்பது பெரிய தீங்கில்லை. பணம் தானே வளர்ந்துகொண்டிருக்கும். பயிர்க் காப்பீடு அப்படியன்று. ஊர் முழுவதும் விளைச்சல் வீழ்ந்தால் அறுவடைப் பரிசோதனையின் அடிப்படையில் இழப்பீடு தானாகக் கணக்கிடப்படும் என்பது உண்மை. ஆனால் அறுத்துப் போட்ட கதிர் வயலில் காய்ந்துகொண்டிருக்கும்போது பருவம் தப்பிய மழை வந்து கெடுத்தால், உழவரே 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். தாம் காப்பீட்டில் இருப்பதே தெரியாத ஒருவர் யாருக்குத் தகவல் சொல்வார்? மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பிரீமியம் பிடித்த திட்டம், இழப்பு வந்தபோது மட்டும் அவர் வாய் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

ஆகவே என் கணிப்பு இது: சேர்த்தது தவறில்லை, சேர்த்ததைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. பிரிட்டனில் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும். குறித்த ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும். சம்பா நெல்லுக்கு உழவர் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு. அவ்வளவு குறைந்த தொகைக்கு இது நல்ல பாதுகாப்பு என்பதை நேரே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் விலக மாட்டார்கள். இனி யாரேனும் தங்களைக் கேட்டால், புல எண்ணும் பயிரும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று ரசீதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெருச் சுவர்களில் எல்லா மதத்துச் சாமி படங்களும் பதித்த டைல்ஸ் ஒட்டிவைக்கிறார்களே, அதுவும் நட்ஜ்தானா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஐயமே இல்லை; தாலர் பிறப்பதற்கு முன்பே நம் ஊர்க்காரர்கள் சுவரில் நாமமும் சூலமும் வரைந்து இதைச் செய்திருப்பார்கள். குப்பை கொட்டும் முனையைச் சுத்தம் செய்து கோலம் போட்டு வைப்பதும் இதே இனம்தான். அந்தச் சுவர் தப்பித்துக்கொள்கிறது. பக்கத்தில் கழிப்பறை இல்லாத வரை, அடுத்த வீட்டுச் சுவருக்கும் டைல்ஸ் வாங்க வேண்டிவரும்.

எல்லாரையும் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களாகக் கருதி, மறுப்பவர் மட்டும் பதிவு செய்யலாம் என்று சட்டம் கொண்டுவந்தால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றலாமே? ஆஸ்திரியாவில் அப்படித்தான் என்று வகுப்பில் படித்தோம்.
– கல்லூரி மாணவி, மதுரை

நீங்கள் படித்தது எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003இல் வெளியிட்ட ஒப்பீடாக இருக்க வேண்டும். அண்டை நாடுகளான ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் மொழி ஒன்று, பண்பாடும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் சம்மதம் ஜெர்மனியில் 12 விழுக்காடு, ஆஸ்திரியாவில் 99.98 விழுக்காடு. முன்னதில் சம்மதிப்பவர் பதிவு செய்ய வேண்டும், பின்னதில் மறுப்பவர் பதிவு செய்ய வேண்டும். நட்ஜ் பற்றிய வகுப்புகளில் இந்த ஒப்பீட்டைக் காட்டாத பேராசிரியர் அரிது.

ஆனால் அந்த 99.98 என்பது பதிவேட்டில் மறுப்பு இல்லாதவர்களின் கணக்கு. உறுப்பு கொடுத்தவர்களின் கணக்கு அன்று. ஒருவர் மூளைச்சாவு அடைந்த பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் மனைவியிடமோ தந்தையிடமோ யாரோ ஒருவர் போய்ப் பேசியாக வேண்டும். எதுவும் சொல்லாமல் இறந்தவரின் மௌனத்தைச் சம்மதம் என்று அந்தத் தந்தையிடம் வாதாட எந்த மருத்துவராலும் முடியாது, முயலவும் கூடாது. உலகில் இத்துறையில் முன்னணியில் நிற்கும் ஸ்பெயினில் 1979 முதலே மறுக்காதவர் சம்மதித்தவர் என்ற சட்டம் இருந்தும், பெரிய முன்னேற்றம் வந்தது 1989இல் தேசிய உறுப்புமாற்று அமைப்பு உருவாகி, மருத்துவமனைகளில் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் அமர்த்தப்பட்ட பிறகே. அங்கே இன்றும் குடும்பத்தாரைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். அந்த அமைப்பை உருவாக்கிய ரஃபேல் மத்தேசான்ஸ், தங்கள் வெற்றிக்குக் காரணம் சட்டம் இல்லை, அமைப்பே என்று தொடர்ந்து சொல்லிவந்தார். வேல்ஸ் 2015இலும் இங்கிலாந்து 2020இலும் சட்டத்தை மாற்றின. அங்கும் குடும்பத்தின் சொல்லை மீறுவதில்லை.

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்மதம் தெரிவித்தாக வேண்டும். ஆயினும் தமிழ்நாடு 2008 முதல் மூளைச்சாவை உறுதிசெய்யும் நடைமுறை, உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் வரிசை, ஒருங்கிணைப்பாளர்கள் என்று ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பியதால்தான் இத்துறையில் முன்னோடியானது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். நட்ஜ் என்று யாரும் பெயர் சூட்டாத அந்த அறிவிப்பைப் பதிவேட்டு மாற்றத்தைவிடக் கூர்மையானதாக நான் கருதுகிறேன்; காரணம், அது முடிவெடுக்கும் குடும்பத்தை நோக்கிப் பேசுகிறது, அவர்களுடைய உற்றார் உறவினர் கண்முன்னே பேசுகிறது.

சொத்து வரி கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டால் கட்டிவிடுவார்களா? பிரிட்டனில் ஒரு கடிதத்தாலேயே வரி வசூலானதாகக் கேள்விப்பட்டேன்.
– உள்ளாட்சித் துறையில் ஓய்வுபெற்றவர், திருநெல்வேலி

கேள்விப்பட்டது உண்மை. வரி பாக்கி வைத்திருந்தவர்களுக்குப் போன நினைவூட்டுக் கடிதங்களில், 'நாட்டில் பத்தில் ஒன்பது பேர் உரிய நேரத்தில் வரி செலுத்துகிறார்கள். இன்னும் செலுத்தாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர்' என்ற பொருள்பட இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தபோது, அந்தக் கடிதம் பெற்றவர்களில் குறித்த நாட்களுக்குள் செலுத்தியவர்கள் சுமார் ஐந்து விழுக்காட்டுப் புள்ளி, அதாவது நூற்றுக்கு ஐந்து பேர், கூடினார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். ஆனால் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதும், வீட்டு வாசலில் தண்டோரா போடுவதும் வேறு. அவை மானத்தைப் பிணையாக வைக்கும் தண்டனைகள். பாக்கிக் கணக்கு தவறாக இருந்துவிட்டால் போன மானத்தை எந்தப் பிரிவில் மேல்முறையீடு செய்து திரும்பப் பெறுவது?

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஊரோடு ஒத்துப்போகும் குணம் இரு பக்கமும் வெட்டும். கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில், அக்கம்பக்கத்தாரின் சராசரி மின் பயன்பாட்டை வீடுகளுக்குத் தெரிவித்துப் பார்த்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ, 'நாம்தான் ஏமாளியா?' என்பது போலக் கூட்டிக்கொண்டார்கள். சிக்கனமாக இருந்தவர்களின் சீட்டில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பிய பிறகு அந்தக் கோளாறு மறைந்தது. அரிசோனாவில் கல்லாய்ச் சமைந்த மரத்துண்டுகள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. 'பலர் எடுத்துச் சென்றதால் இந்த வனம் சிதைந்துவருகிறது' என்ற பாணியில் அறிவிப்பு வைத்த பாதையில், 'எடுக்காதீர்கள்' என்று மட்டும் வைத்த பாதையைவிடத் திருட்டு கூடுதலாக இருந்ததை ராபர்ட் சியால்டினி குழுவினர் கண்டார்கள். பலர் எடுக்கிறார்கள் என்ற செய்தியே போதுமான அனுமதியாகிவிட்டது. 'இவ்வார்டில் 60 சதவீதம் பேர் வரி பாக்கி' என்று பதாகை வைக்க எண்ணும் ஆணையர் எவரேனும் இருந்தால், பாக்கி இல்லாத மீதி 40 சதவீதத்தினர் அதைப் படித்துவிட்டு என்ன முடிவுக்கு வருவார்கள் என்று யோசித்துக்கொள்வது நல்லது.

நிறுவனங்கள் செயலிகளில் டிக் போட்ட பெட்டிகளை வைத்து நம்மை ஏமாற்றுவதும் இதுவும் ஒன்றுதானே? அரசு செய்தால் மட்டும் நன்மையா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

கருவி ஒன்றே, கை வேறு. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, 'வேண்டாம், எனக்குப் பாதுகாப்பு தேவையில்லை' என்று நம்மையே சொல்லவைத்து வெட்கப்படுத்துவது, இன்னும் இரண்டே அறைகள்தான் மீதம் என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சேர்வதற்கு ஒரு தொடுகையும் விலகுவதற்கு ஒன்பது படியும் வைப்பது போன்ற 13 வகைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரசு அலுவலகங்களுக்குள்ளும் ஒருமுறை நடந்துவர வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கே நேர்ந்தது. என் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை விபத்துக் காப்பீட்டுக்காகப் போய்க்கொண்டிருந்ததைப் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிய ஒரு நாளில் கவனித்தேன். நான் கேட்ட நினைவு இல்லை; கேட்டதாகச் சொல்லும் படிவத்தையும் கிளையில் காட்ட முடியவில்லை. காப்பீடு நல்லதுதான், தொகையும் ஒரு காபிச் செலவுதான். அதை நிறுத்தத்தான் மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது: முதல் நாள் சம்பந்தப்பட்டவர் விடுப்பு, இரண்டாம் நாள் கடிதம் இரு படிகளில் வேண்டும், மூன்றாம் நாள் ஆதார் நகல். மூன்றாம் நாள் திரும்பும்போது எனக்கு ஓர் உண்மை விளங்கியது. என்னை உள்ளே சேர்த்தபோது யாரும் ஆதார் நகல் கேட்டிருக்கவில்லை.

இப்படித் தேவையில்லாத படிவம், வரிசை, நடை ஆகியவற்றால் மக்களைச் சோர்வடையச் செய்யும் ஏற்பாடுகளுக்குத் தாலர் 'சேறு' என்று பொருள்படும் பெயர் ஒன்றை வைத்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே போகலாம். வெளியே வரும்போது கால் புதையும். நல்ல நட்ஜையும் கெட்டதையும் பிரித்தறிய நான் பார்ப்பது இரண்டே. உள்ளே வந்த வழியாகவே, அதே எளிமையுடன் வெளியே போக முடிகிறதா? செய்ததை அரசு நாளிதழில் முழுப்பக்கம் விளம்பரம் செய்து சொல்லத் தயாரா? வரிக் கடிதம் இரண்டிலும் தேறும். என் காபிக் காசு இரண்டிலும் தோற்கும்.

மருத்துவத்தில் ஒரு மருந்துக்கு எத்தனையோ கட்டச் சோதனைகள் உண்டு. இந்த நட்ஜ்களுக்கு அப்படி ஏதேனும் ஆதாரம் இருக்கிறதா, அல்லது எல்லாம் மேடைப் பேச்சா?
– மருத்துவர், வேலூர்

இருக்கிறது, ஆனால் மேடையில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, எலிசபெத் லினோஸ் ஆகிய இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. கல்விசார் ஆய்விதழ்களில் வெளியான நட்ஜ் சோதனைகளின் சராசரிப் பலன் 8.7 விழுக்காட்டுப் புள்ளிகள். அமெரிக்காவில் இரண்டு பெரிய நட்ஜ் அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளை, வெளியானது வெளியாகாதது என்று பாராமல் மொத்தமாக எடுத்துக்கொண்டால், 2 கோடியே 30 லட்சம் பேரை உள்ளடக்கிய அவற்றின் சராசரிப் பலன் 1.4 புள்ளிகள் மட்டுமே. இடைவெளியின் பெரும்பகுதிக்குக் காரணம் உங்களுக்குப் பழக்கமானதுதான்: பலித்த சோதனை அச்சேறுகிறது, பலிக்காதது இழுப்பறையில் தூங்குகிறது.

இதைவிட மோசமான கதையும் உண்டு. படிவத்தின் கடைசியில் கையெழுத்து வாங்குவதற்குப் பதில் தொடக்கத்திலேயே வாங்கினால் மக்கள் உண்மையை எழுதுகிறார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. செலவில்லாத உத்தி என்பதால் உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டது. 2020இல் அதன் ஆசிரியர்களே திரும்பச் செய்து பார்த்தபோது பலன் கிடைக்கவில்லை. 2021இல் அதன் தரவுகளில் ஒரு பகுதி புனையப்பட்டது என்பது வெளிப்பட்டு, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வு என்பதால் இதற்கு நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் 1.4 புள்ளியை இகழ வேண்டாம். ஒரு கோடிப் பேருக்குப் போகும் குறுஞ்செய்தியில் அது 1,40,000 பேர். நியூயார்க்கில் சிறு குற்றங்களுக்கான நீதிமன்ற அழைப்பாணைப் படிவத்தில் தேதியையும் இடத்தையும் மேலே தெளிவாக அச்சிட்டதால் வராமல் போனவர்கள் 13 விழுக்காடு குறைந்தார்கள். கைப்பேசி நினைவூட்டல்கள் 21 விழுக்காடு குறைத்தன. வராதவர்கள் சட்டத்தை மீறத் துணிந்தவர்கள் என்று எண்ணியிருந்த இடத்தில், அவர்களில் கணிசமானோர் தேதியை மறந்தவர்கள் என்பது தெரிந்தது. மென்தூண்டல் பலிப்பது இத்தகைய இடங்களில்தான். செய்ய எண்ணமிருந்தும் மறதியும் குழப்பமும் குறுக்கே நிற்கும்போது அது கைகொடுக்கும். எண்ணமே இல்லாதவரிடமும், செய்ய வழியே இல்லாதவரிடமும் அது பலிக்காது.

உங்கள் துறையிலேயே ஒரு சான்று தருகிறேன். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து செய்த சோதனை அது. வழக்கம்போல் விடப்பட்ட ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 விழுக்காடு. தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் 18. முகாமுடன் தடுப்பூசிக்கு ஒரு கிலோ பருப்பும், முழுத் தவணையும் முடித்தால் தட்டும் கொடுத்த ஊர்களில் 39. பருப்பு சேர்ந்தபோது ஒரு குழந்தைக்கான மொத்தச் செலவு கூடவில்லை, குறைந்தது. செவிலியர் காத்திருந்த நேரம் வீணாகவில்லை என்பதே காரணம். பருப்பு நட்ஜா, சிறு கூலியா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவிலுள்ள 18. 6இலிருந்து அதுவரை ஏறியது, செவிலியர் சொன்ன நாளில் வந்திருந்ததற்கு மட்டும் கிடைத்த பலன். மீதிப் பலன் பருப்பினால் வந்தது, ஆனால் ஊசி போட ஆளே இல்லாத இடத்தில் பருப்பை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்கும் ஊசி போட்டிருக்க முடியாது.

ஏழைகளுக்குப் புத்தி சொல்ல இன்னொரு புது வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூலி கொடுக்காமல் சிக்கனம் கற்பிப்பது போல.
– விவசாயத் தொழிலாளர் சங்க நிர்வாகி, நாகப்பட்டினம்

உங்கள் கோபத்துக்கு அத்துறைக்குள்ளேயே ஆதரவு இருக்கிறது. நிக் சேட்டர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் ஆகிய இருவரும் நட்ஜ் கொள்கையை வளர்த்தவர்களில் சேர்ந்தவர்கள். 2022இல் அவர்களே எழுதிய கட்டுரையில், தனிமனிதரின் பலவீனத்தைத் திருத்துவதிலேயே கவனம் செலுத்தி, அமைப்பை மாற்றும் சட்டங்களிலிருந்தும் வரிகளிலிருந்தும் பார்வையைத் திருப்பிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டனில் குளிர்பானங்களின் சர்க்கரை அளவை ஒட்டி 2018 ஏப்ரலில் வரி விதித்தபோது, வரி நடைமுறைக்கு வருமுன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. குடிப்பவரை யாரும் இடிக்கவில்லை, தயாரிப்பவரை இடித்தார்கள்.

நம் மஞ்சப்பையையும் இப்படிப் பார்க்கலாம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கி, பிறகு பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் வந்தன. பையை மறந்து வந்தவருக்கு அது நல்ல உதவி. ஆனால் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதலே மாநிலத்தில் தடை இருக்கும்போது, பை உற்பத்தியாகும் இடத்தை விட்டுவிட்டுக் காய்கறி வாங்குபவரின் மனச்சாட்சியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் கூற்றுக்கே சான்றாகும்.

ஒரு மாற்றுச் சான்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து வாங்காதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பியிருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையையே வீட்டுக்குக் கொண்டுபோனது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்க முடியாதவரின் 'மறதி' என்பது மறதியே இல்லை என்று அத்திட்டம் புரிந்துகொண்டது.

உங்களிடம் ஒரே ஒரு நட்ஜைக் கேட்டால் எதைப் பரிந்துரைப்பீர்கள்?
– வாசகி, பொள்ளாச்சி

கல்வி உதவித்தொகை. ஏழை மாணவி ஒருத்தி தன் குடும்பம் ஏழைதான் என்பதை வருமானச் சான்றுக்காக மீண்டும் மீண்டும் இ-சேவை மையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. குடும்ப அட்டை, ஆதார், முந்தைய ஆண்டின் சான்று, பள்ளிப் பதிவு எல்லாமே அரசின் கணினிகளிலேயே இருக்கின்றன. அவற்றிலிருந்து நிரப்பப்பட்ட விண்ணப்பம் அவள் கைப்பேசிக்குத் தானே வரட்டும். அவள் சரிபார்த்து 'ஆம்' என்று அழுத்தினால் போதும், அழுத்த மறந்தால் வகுப்பாசிரியருக்கு ஒரு நினைவூட்டல் போகட்டும். பக்கத்திலேயே 'இல்லை' என்ற பெட்டியும் அதே அளவில், அதே எழுத்தில் இருக்க வேண்டும்.